கீழே இறக்கிய ஆணி

ஏப்ரல் 3, புதன்

நீச்சல் குளத்துச் சாவி இன்றிலிருந்து என்னிடம். நான் கேட்கவில்லை, தலையில் கட்டிவிட்டார்கள்.

போன வாரம் விடிகாலையில் குளத்தில் ஒரு தெருநாய் சாவகாசமாக நீந்திக்கொண்டிருந்தது. முந்தின நாள் மூடிய பிறகு யாரோ செக்யூரிட்டியிடம் சாவி வாங்கிக் குளித்துவிட்டு, கேட்டைத் திறந்து போட்டுப் போயிருக்கிறார்கள். வாட்ஸ்ஆப் குழுவில் நாயின் வீடியோவுக்குப் பாதிப் பேர் சிரிப்பு, பாதிப் பேர் கோபம். அதற்காக இன்று மாலை அசோசியேஷன் கூட்டம்.

செக்ரட்டரி பிரேம்நாத், கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளை, எழுந்து சொன்னார். "செக்யூரிட்டிகிட்ட சாவி இருந்தா ஆளாளுக்கு வாங்கிட்டுப் போறாங்க. குளத்துக்கு எதிர்ல குடியிருக்கறவங்க, எப்பவும் வீட்டுலயே இருக்கறவங்க யாராவது வெச்சுக்கிட்டா தேவலை."

எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எப்பவும் வீட்டுலயே இருக்கறவங்க. ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்து ஒரு ஷெட்டையே மேய்த்தவனுக்குச் சரவணம்பட்டியில் கிடைத்த பட்டம் இது. வீட்டுக்காரி கோமதி இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். மகளின் பிரசவத்துக்குப் புனே போயிருக்கிறாள்.

சாவியில் சிவப்பு நூல் கட்டி, வாசல் கதவை ஒட்டி ஆணி அடித்து மாட்டிவைத்தேன்.

ஏப்ரல் 6, சனி

காலை ஆறிலிருந்து பதினொன்று, மாலை நான்கிலிருந்து ஏழரை. அந்த நேரத்தில் லைஃப்கார்டு உண்டு. மற்ற நேரமெல்லாம் குளம் என் பொறுப்பு. கேட் இருக்கிற லட்சணத்துக்கு அதற்குக் காவல்காரனே வேண்டும். தாழ்ப்பாள் எப்போதோ கழன்றுவிட்டது, கேட் தானாகவும் சாத்திக்கொள்ளாது. சங்கிலி சுற்றிப் பூட்டுப் போட வேண்டும். சங்கிலியை அவிழ்த்தால் அது சிமென்ட் தரையில் விழுகிற சத்தம் என் அடுப்படி வரை வருகிறது. மில் சத்தத்தில் என் காது போய்விட்டது என்று கோமதி சொல்வாள். இது நன்றாகத்தான் கேட்கிறது.

இன்று பெல் ஓயவில்லை. துண்டு மறந்தவர், கண்ணாடி மறந்தவர், ஒற்றைச் செருப்பைத் தேடியவர். ஏ பிளாக் பெரியவர் ஒருவர் வேட்டியோடு இறங்குவேன் என்று நின்றார். நைலான் உடைதான் போட வேண்டும் என்று போர்டு இருக்கிறது என்றேன். போர்டு எழுதினவன் நீச்சல் தெரிந்தவனா என்று கேட்டார். எனக்கும் நீச்சல் தெரியாது, அதை அவரிடம் சொல்லவில்லை.

விட்டுப்போன சாமான்களுக்கு ஓர் அட்டைப் பெட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய்த் திறக்க முடியவில்லை. அதனால் வாசல் கதவைத் திறந்தே போட்டுவிட்டேன். ஒரே தொல்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு

மதியம் யாரும் வரவில்லை. பெல் வேலை செய்கிறதா என்று அடித்துப் பார்த்தேன். வேலை செய்கிறது.

ஏப்ரல் 9, செவ்வாய்

ஏழரைக்குப் பூட்டிக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். முதல் மாடி தாரணி. வீட்டிலிருந்தே ஆஸ்பத்திரிக் கணக்கு ஏதோ பார்க்கிற வேலையாம். வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை, வர எந்நேரமோ ஆகும். கூட ஒரு பெண் குழந்தை. கையைப் பிடித்திருந்தாள் என்பதைவிட இறுக்கியிருந்தாள் என்று சொல்லலாம்.

"அங்கிள், பூட்டிட்டீங்களா?"

"பூட்டியாச்சு அம்மிணி."

"தப்பா நெனைச்சுக்காதீங்க." பூட்டை எட்டிப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். இன்னொரு தடவையும் இழுத்தாள். "இவ ஆதிரைங்க. அஞ்சு வயசு ஆகப்போகுது, இன்னும் பேச்சு வரலை. தண்ணியக் கண்டா நிக்க மாட்டா. பக்கெட்டா இருந்தாலும் சரி, குளமா இருந்தாலும் சரி, நேரா உள்ளதான் போவா. பயம்னு ஒண்ணே இல்லைங்க. இந்த கேட்டை நெனைச்சா எனக்கு ராத்திரி தூக்கம் வர்றதில்லை."

"இனி சாவி என்கிட்ட. நீ நிம்மதியாத் தூங்கு" என்றேன்.

குழந்தை என்னைப் பார்க்கவில்லை. கம்பிக்கு நடுவே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி எனக்கு வராது. தாரணி ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு வாரமாக அவள் தினமும் வந்து பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிறாள். முதலில் என் மேல் நம்பிக்கை இல்லையா என்று முகம் சுளித்தேன். இப்போது ஏழே காலிலிருந்தே படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கோமதிக்குப் போன் செய்தேன். பின்னால் வீடு நிறையச் சத்தம். "அடுத்த மாசம் டிக்கெட் பார்க்கறேனுங்க" என்றாள்.

ஏப்ரல் 18, வியாழன்

கமிட்டியில் புதுக் கேட்டுக்கு ஒப்புதல் ஆகிவிட்டது. விட்ட உடனே தானாகச் சாத்திக்கொள்ளுமாம். கொண்டி பெரியவர்கள் கைக்குத்தான் எட்டுகிற உயரத்தில் இருக்குமாம். சாவியே வேண்டாம், குடியிருப்பவர்களின் கார்டு போதுமாம். பிரேம்நாத் வெல்டிங் கடை ரங்கராஜின் நம்பரை அனுப்பி, "சார், நீங்களே பக்கத்துல இருந்து முடிச்சுக் குடுத்துடுங்க" என்றார்.

பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இந்த மாதிரி வேலையை அவசரத்தில் செய்யக் கூடாது.

ஏப்ரல் 22, திங்கள்

இன்று ஆதிரை பூட்டை அமுக்கினாள். நான் சங்கிலியில் கோத்துப் பிடித்துக்கொண்டேன், அவள் இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தினாள். டொக்கென்று விழுந்தது. அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. அவள் அம்மாவும் பார்த்து ரொம்ப நாளாயிற்று போலிருக்கிறது, கண் கலங்கிவிட்டது.

"இன்னொருக்கா" என்றேன். திறந்து கொடுத்தேன். டொக். இன்னொருக்கா. இருட்டுகிற வரை இதே வேலை.

ஏப்ரல் 27, சனி

ஆதிரைக்குச் சாவியைத் திருப்பவும் வந்துவிட்டது. கெட்டிக்காரி.

மே 2, வியாழன்

சங்கிலியைக் கேட்டின் மேல் கம்பியிலிருந்து கீழ்க் கம்பிக்கு மாற்றினேன். மேல் கம்பி துருப்பிடித்திருக்கிறது. தாரணி கேட்டபோது அதைத்தான் சொன்னேன். இப்போது குழந்தைக்கு எக்க வேண்டியதில்லை.

பூட்டியானதும் அவளே சாவியை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்குள் ஓடிவருகிறாள். தாரணி வெளியே நின்று வீட்டுக்காரரோடு போனில் பேசிக்கொண்டிருப்பாள். ஆணி எட்டாமல் குழந்தை குதிக்கிறாள். நான் தூக்கிவிட்டால் பிடிக்கவில்லை, உடம்பை விறைத்துக்கொள்கிறாள். யாரும் தொடக் கூடாது. அதனால் ஆணியைப் பிடுங்கி அவள் நெஞ்சு உயரத்தில் அடித்தேன். சாவியை மாட்டிவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

அதைவிடப் பெரிதாக இந்த ஒரு மாதத்தில் எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. எழுதிவைக்கிறேன்.

மே 5, ஞாயிறு

ரங்கராஜ் போன் செய்தார். "சார், அளவெடுக்க நாளைக்கு வரட்டுங்களா? ரெண்டு நாள்ல மாட்டிப்புடலாமுங்க."

நேற்று அக்னி நட்சத்திரம் ஆரம்பித்திருக்கிறது. "கத்திரி கழியட்டும், அப்புறம் பார்ப்போம்" என்றேன்.

"கேட்டு மாட்டறதுக்கு எதுக்குங்க சார் நாள் பார்த்துட்டு? வீடா கட்டறோம்?"

"கழியட்டும்னா கழியட்டும்" என்று போனை வைத்தேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. மகள் கல்யாணத்துக்குக்கூட நான் நாள் பார்க்கவில்லை, கோமதிதான் பார்த்தாள். ஆனால் மற்றவர்களுக்கு நம்பிக்கை இருக்கும், அதையும் மதிக்க வேண்டும்.

மே 9, வியாழன்

ஆதிரைக்குக் குளத்து ஒழுங்கெல்லாம் பழக்கிவிட்டேன். கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றி ஜோடியாக வைக்க வேண்டும். பூட்டில் சாவியை விட்டுவிட்டு வரக் கூடாது, கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவை காட்டினால் போதும், மறக்கவே மாட்டாள். மில்லில் எனக்கு இப்படி ஒரு ஆள் கிடைத்ததில்லை.

மே 12, ஞாயிறு

தாரணி காபி குடித்தாள். வாசலிலேயே நின்றுதான். "புது கேட் எப்பங்க அங்கிள்?"

"அந்த வெல்டிங் கடைக்காரன் இழுத்தடிக்கறான் அம்மிணி."

"ஆன்ட்டி எப்ப வர்றாங்க?"

"அடுத்த மாசம்."

கோமதி ஒரு படம் அனுப்பியிருந்தாள். பேரன் ஸ்கூல் யூனிஃபார்மில், புதுப் பையை மாட்டிக்கொண்டு நிற்கிறான். ஜூனில் எல்.கே.ஜி. தாரணியிடம் காட்டினேன். "அழகா இருக்கான்" என்றாள். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிரசவத்துக்குப் போனவள் என்று நான்தான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

மே 16, வியாழன்

குழுவில் பிரேம்நாத் கேட் என்ன ஆயிற்று என்று கேட்டார். கத்திரி என்றேன். நான்கு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

மே 21, செவ்வாய்

குழந்தை நன்றாக இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். வேறு எதுவும் எழுத முடியவில்லை.

மே 22, புதன்

நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் கண்ணயர்ந்தேன். கதவு திறந்துதான் இருந்தது.

சங்கிலி சிமென்ட்டில் விழும் சத்தம் கேட்டது. குளம் சுத்தம் செய்கிற ஆள் வந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு மறுபடி கண்ணை மூடினேன். அவன் வந்தால் சாவியை என்னிடம்தானே கேட்க வேண்டும் என்று அதன் பிறகுதான் தோன்றியது. நடுவில் எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியவில்லை. ஆணியைப் பார்த்தேன். சாவி இல்லை.

ஓடினேன். கேட் திறந்து கிடந்தது. வெளியே அவள் செருப்பு இரண்டும் ஜோடியாக இருந்தது.

சின்னப் பக்கத்தில் படி இறங்குகிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி அவள் மிதந்தாள். முகம் உள்ளே இருந்தது. தலைமுடி மட்டும் விரிந்து தெரிந்தது. லுங்கியோடு இறங்கினேன். தண்ணீர் என் இடுப்புக்குத்தான் வந்தது. இடுப்பளவுத் தண்ணீர். தூக்கித் தோளில் போட்டு முதுகில் தட்டினேன். கத்தினேன் என்று நினைக்கிறேன், எதிர் பிளாக்கில் ஜன்னல்கள் திறந்தன. தட்டிக்கொண்டே இருந்தேன். அவள் ஒரு குலுங்கு குலுங்கித் தண்ணீரைக் கக்கினாள். பிறகு அழுதாள். நான் தொட்டும் அவள் விறைத்துக்கொள்ளாதது அந்த ஒரு தடவைதான்.

தாரணி படியில் விழுந்தடித்து வந்தாள். காதில் மாட்டுகிற கருவி கழுத்தில் தொங்கியது. ஆபீஸ் கால் பேசிக்கொண்டிருந்தாளாம். குழந்தை தூங்குகிறாள் என்று நினைத்திருக்கிறாள். ஆதிரையோ ஸ்டூல் போட்டு ஏறி வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைத் திறந்திருக்கிறாள். குழந்தையைப் பிடுங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அப்போதுதான் ஆதிரையின் மூடிய கையைப் பார்த்தாள். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளே சாவி. சிவப்பு நூல் ஈரத்தில் கறுத்திருந்தது.

"உள்ள பெட்டியில துண்டு இருக்கு" என்றேன். என் வாய்க்கு அதைச் சொல்லத் தெரிந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டே உள்ளே ஓடினாள். வெளியே வந்தபோது வேறு முகமாக இருந்தது. ஆணி கதவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பார்க்காமல் யாரும் உள்ளே போக முடியாது.

குழந்தையோடு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

மே 23, வியாழன்

செக்யூரிட்டி மாரப்பனைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். அவர் கேட்டைத் திறந்து விட்டுவிட்டாராம். காலையில் அவர் என் வாசலில் வந்து நின்றார். "சார், அந்நேரம் நான் மெயின் கேட்லதானுங்க இருந்தேன். என்னைய மாத்தறேங்கறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லோணும்."

குழுவில் எழுதினேன்: 'மாரப்பன் மேல் தப்பில்லை. சாவி என் வீட்டில் இருந்தது. குழந்தை என் வீட்டிலிருந்துதான் எடுத்தாள்.'

கை கூப்பிய படங்கள் வந்து விழுந்தன. 'சார், உங்க பெரிய மனசு.' 'குழந்தையைக் காப்பாத்தின தெய்வம் நீங்க.' 'தானே பழியை ஏத்துக்கறார் பாருங்க.' மாரப்பனுக்கு வேலை நிலைத்தது. நான் எழுதியது பொய் இல்லை. ஆனால் அதில் ஆணி இல்லை, சங்கிலி இல்லை, கத்திரி இல்லை.

மே 25, சனி

ரங்கராஜ் அளவெடுக்க வந்தார். கத்திரி இன்னும் கழியவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. டேப்பை நீட்டிக்கொண்டே பிரேம்நாத்திடம் சொன்னார். "நான் சித்திரையிலயே மாட்டித் தர்றேன்னு சொன்னனுங்க. சார்தான் கத்திரி கழியட்டும்னுட்டாரு."

தாரணி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இன்றுதான் வெளியே இறங்கியிருந்தாள், மருந்துக் கடைக்கு. நான்கடி தள்ளி நின்றிருந்தாள். கேட்டுவிட்டது. என்னைப் பார்க்காமல் நடந்து போனாள்.

மே 28, செவ்வாய்

புதுக் கேட் மாட்டியாயிற்று. கருப்புப் பெயின்ட். விட்டால் மெதுவாக வந்து, ஒரு சத்தமும் இல்லாமல் சாத்திக்கொள்கிறது. கொண்டி என் தலை உயரத்தில். மாலையில் நான் திறந்து திறந்து விட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் சாத்திக்கொண்டது. நல்ல வேலை. ஏப்ரலிலேயே முடிந்திருக்க வேண்டிய வேலை.

பழைய பூட்டையும் சாவியையும் பிரேம்நாத்திடம் கொடுத்துவிட்டேன். ஆணியைப் பிடுங்கினேன். சுவரில் இரண்டு ஓட்டை, மேலே ஒன்று, கீழே ஒன்று.

மே 31, வெள்ளி

பெல் அடிக்கவில்லை. நேற்றும் இல்லை.

ஜூன் 2, ஞாயிறு

அசோசியேஷன் கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை. முன்கூட்டியே சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டேன். பிரேம்நாத் மைக்கில், "நீச்சல் தெரியாத நெலைமையிலும் தண்ணில குதிச்சு ஒரு உயிரைக் காப்பாத்தின நம்ம சதாசிவம் சார்" என்றார். இடுப்பளவுத் தண்ணீர் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கை தட்டினார்கள். கடைசி வரிசையில் தாரணி ஆதிரையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் கை குழந்தையின் மேல்தான் இருந்தது, எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பொன்னாடையை மடித்து, விட்டுப்போன சாமான் பெட்டியில் போட்டேன்.

மாலையில் தாரணி வந்தாள். குழந்தையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டுத் தனியாக வந்திருந்தாள். உட்காரச் சொன்னேன். முதல் தடவையாக உட்கார்ந்தாள்.

"உங்க மேல கோவம் இல்லைன்னு சொன்னா பொய்யிங்க அங்கிள்."

"தெரியும் அம்மிணி."

"அந்த ஆணி..."

"பிடுங்கிட்டேன்."

சுவரில் இருந்த ஓட்டைகளைப் பார்த்தாள். "ஆணியக்கூட விடுங்க. ஆசையில பண்ணிட்டீங்க. பூட்டை அமுக்கறப்ப அவ சிரிச்சதுல நானும்தான் மயங்கிட்டேன். ஆனா கேட்டை எதுக்குங்க தள்ளிப் போட்டீங்க? எனக்குத் தூக்கம் வர்றதில்லைன்னு மொத நாளே உங்ககிட்டதான சொன்னேன்?"

காபி போடட்டுமா என்று எழுந்தேன். அவள் விடவில்லை, உட்கார்ந்தே இருந்தாள்.

"புது கேட் வந்தா நீங்க ரெண்டு பேரும் வர மாட்டீங்களே" என்றேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை. குளத்தைப் பார்த்தேன். யாரோ கேட்டைத் திறந்து வெளியே வந்தார்கள். அது பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

"ஒண்ணு கேட்கோணும்" என்றாள். "ஏழரை ஆனா அவளால இருக்க முடியறதில்லைங்க. கதவைப் போட்டு அடிக்கறா. பார்க்குலருந்து கூட்டிட்டு வந்தா கைய உதறிட்டு உங்க வாசலுக்கு ஓடப் பார்க்கறா. தெரபிஸ்ட் என்ன சொல்றாங்கன்னா, சாவி, பூட்டு, உங்க வீடு எல்லாம் அவளுக்குத் தண்ணிக்குப் போற வழியாப் பதிஞ்சு போச்சாம். அதை மறக்க வைக்கோணுமாம். நான் பின்னாடியேதான் வருவேன், அவளுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா அவ வந்து தட்டினா நீங்க திறக்காதீங்க அங்கிள். ஒரு தடவை திறந்தாலும் மறுபடி மொதல்லருந்துங்க. கதவைச் சாத்தியே வைங்க."

"எத்தனை நாளைக்கு?"

"அவ தட்டறத விடற வரைக்கும்."

சரி என்றேன்.

வாசல் வரை போனவள் திரும்பினாள். "ஆன்ட்டி அடுத்த மாசம் வந்துருவாங்கல்ல?"

"வந்துருவா" என்றேன்.

ஜூன் 3, திங்கள்

ஏழேகாலுக்கே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். தட்டினாள். இரண்டு உள்ளங்கையாலும். பூட்டை அமுக்குகிற அதே மாதிரி. நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "வா கண்ணு, தாத்தா ஊருக்குப் போயிட்டாங்க" என்று தாரணி சொல்வது கேட்டது. குழந்தை அழுதுகொண்டே போனாள்.

மின்விசிறியைப் போட்டிருந்தேன். ஊருக்குப் போனவன் வீட்டில் மின்விசிறி ஓடக் கூடாதே என்று நிறுத்தினேன்.

ஜூன் 5, புதன்

தட்டினாள். ரொம்ப நேரம்.

ஜூன் 8, சனி

தட்டினாள். கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன். அவள் தட்டிய இடத்தில் என் கையை வைத்தேன். மரம் அதிர்ந்தது. சத்தம் போடவில்லை. தாழ்ப்பாளைத் தொடவுமில்லை. அதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

ஜூன் 10, திங்கள்

பேரனுக்கு இன்று பள்ளிக்கூடத்தில் முதல் நாள். கோமதிக்கு நானே போன் செய்தேன். அழாமல் போனானா, என்ன கட்டிக்கொடுத்தாய் என்றெல்லாம் கேட்டேன். அவள் ஆச்சரியப்பட்டாள். நான் இதையெல்லாம் கேட்கிற ஆள் இல்லை.

"கோமதி, நீ இனி வர மாட்டே, இல்லையா?"



"உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "நான் நாலு வருஷமா அடுத்த மாசம்னுதானுங்க சொல்லிட்டிருக்கேன். நீங்க ஒருக்காவாச்சும் ஏன்னு கேட்டீங்களா?"

கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன்.

ஜூன் 13, வியாழன்

தட்டினாள். இரண்டே தட்டு. அம்மா கூப்பிடும் முன்பே போய்விட்டாள்.

ஜூன் 15, சனி

பிரேம்நாத் வந்தார். ஜிம்முக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டுமாம், சாவி வைத்துக்கொள்ள முடியுமா என்றார். வேண்டாம், வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். அந்தக் கதவுக்கும் தானாகச் சாத்திக்கொள்கிறதைப் போட்டுவிடுங்கள் என்றும் சொன்னேன்.

ஜூன் 18, செவ்வாய்

ஏழேகாலுக்குக் கதவைச் சாத்தினேன். விளக்கை அணைத்தேன். ஜன்னல் திரையை விரலளவு விலக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பூங்காவிலிருந்து இருவரும் வந்தார்கள். தாரணி கேட்டருகே நின்று எட்டிக் கொண்டியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். ஆதிரை கையில் ஒரு இலையை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கையை நீட்டினாள், பிடித்துக்கொண்டாள். என் வாசலைத் தாண்டிப் படியேறினார்கள். அவள் திரும்பவில்லை. தாரணி மட்டும் ஒரு நொடி ஜன்னல் பக்கம் பார்த்து, தெரிந்தோ தெரியாமலோ, தலையை அசைத்தாள்.

இன்று தட்டவில்லை.

எட்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்துபோய்த் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தேன். இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்தேன். சரியாகத்தான் போட்டிருந்தது.